வடசென்னையில் இருந்துகொண்டு இதழியல் படிப்பது எப்படி

அரசுக் கல்லூரியில் இதழியல் இளங்கலையில் சேரும் மாணவருக்கு நல்ல படப்பிடிப்புக் கூடமோ போதிய காமிராக்களோ கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வடசென்னையில் வசிப்பவருக்குத் துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மீனவர் குப்பங்கள், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு ஆகிய அனைத்தும் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே இருக்கின்றன. ஆகவே முதல் பருவத்திலேயே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மூன்றாண்டுகளும் அதையே விடாமல் தொடருங்கள்.

மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டைத் தேர்ந்தெடுத்தால், கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் படம் பிடித்துத் திரும்புவதால் பயனில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அதற்கு முன்பும், தடையின்போதும், பின்பும் செல்ல வேண்டும். ‘வஞ்சிரம் விலை கிடுகிடு உயர்வு’ என்று எழுதிவிடுவது எளிது. அது எந்தப் படகில் வந்த மீன், ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, அதே மீன் அன்று உங்கள் தெருச் சந்தையில் என்ன விலைக்கு விற்றது என்று மூன்றையும் குறித்துக்கொண்டால்தான் செய்தி உருவாகும். படகு உரிமையாளர், மீன் விற்ற பணத்தில் பங்கு பெறுவதற்காகக் கடலுக்குச் செல்லும் தொழிலாளி, கூடை சுமந்து விற்கும் பெண் ஆகிய மூவரிடமும் கேளுங்கள். ஒரே விலையைப் பற்றி மூன்று கணக்குகள் வரும்.

கேட்டதை ஆவணத்தோடு ஒப்பிடுவது அடுத்த பாடம். வகுப்பில் இதற்குப் பெரும்பாலும் போதிய நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பது என் கருத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. அதன் உத்தரவுகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுக் குப்பங்களுக்குச் சென்றால், கேள்விகள் தாமாகவே கூர்மையாகும். இத்தகைய உத்தரவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் எழுத விரும்புபவருக்கும் ஆங்கில வாசிப்பு தேவைப்படுகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியே, நீங்களும் மனு அனுப்பலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். ‘எங்கள் பகுதியில் ஏன் தண்ணீர் தேங்குகிறது?’ என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது, ஏனெனில் அலுவலகத்தில் பதிவாகியுள்ள தகவலைத்தான் அவர் தர முடியும். மாறாக, ‘தண்டையார்பேட்டை மண்டலத்தில் கடந்த நிதியாண்டில் மழைநீர் வடிகால் தூர்வாரும் பணியின் ஒப்பந்தத் தொகை, பணி முடிந்த தேதி, பணி நிறைவுச் சான்றின் நகல்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு செய்யலாம். (அந்த மனுவை எழுதுவதே ஒரு நல்ல எழுத்துப் பயிற்சி.)

சட்டத்தில் ஒன்றை மட்டும் முதலாண்டிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமின்றி முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. கொருக்குப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதியில் தெருப் பெயரைச் சொன்னாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். பெயரை மாற்றிவிட்டோம் என்பது அங்கே போதாது.

தட்டச்சு, படத்தொகுப்பு போன்றவற்றைப் பழகப் பழகக் கற்றுக்கொள்ளலாம். விடுமுறைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால், தொலைக்காட்சி அரங்கைவிட நாளிதழின் செய்திப் பிரிவையே நான் பரிந்துரைப்பேன். நீங்கள் எழுதிய பத்தியைத் துணை ஆசிரியர் எங்கே வெட்டுகிறார் என்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்கள் தேர்ந்துகொண்ட களத்தைப் பற்றி எழுதிய நான்கைந்து செய்திகளையும் அவற்றுக்கான மனு, பதில், உத்தரவு நகல்களையும் ஒரே கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.