குளிரில் ரெசின் இறுகவில்லையா?

கொடைக்கானலில் வீட்டு ஷெட்டில் பழைய ஃபைபர் ஸ்பீடு போட்டைச் சரிசெய்கிறீர்களா? (அதை ஏரியில் ஓட்ட விடுவார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.) முதலில் சின்னச் சுத்தியலால் போட்டின் உடல் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது. 'தொப்' என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே இருக்கும் பலகை தண்ணீர் குடித்து மக்கியிருக்கலாம். மோட்டார் மாட்டும் பின்பலகையில்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை.

ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டும் வேலையை மார்ச், ஏப்ரலில், வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் ரெசின் 15 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். டிசம்பரில் அவசரப்பட்டு நான் ஒட்டிய துண்டை மறுவாரம் கையாலேயே உரித்தெடுத்தேன். குளிர்தானே என்று ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) அள்ளி ஊற்றவும் கூடாது. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிதான். மூடுபனி நாட்களில் ஃபைபர் மேட் ஈரம் இழுத்துவிடும், அதனால் அதை வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கியிருந்தால், அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். இரண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.