முன்பின் தெரியாதவரிடம் கேம் ஐடி வாங்கும்போதும் விற்கும்போதும் எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

பிஜிஎம்ஐ கேமில் ‘கிளேசியர் எம்416’ துப்பாக்கி ஸ்கின் உள்ள ஐடி (கேம் கணக்கு), ஃப்ரீ ஃபயரில் பழைய பண்டில்கள் (உடைத் தொகுப்புகள்) உள்ள ஐடி, கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் டவுன் ஹால் லெவல் ஏறிய ஐடி என்று டெலிகிராம் குழுக்களிலும் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் தினமும் விற்பனை நடக்கிறது. சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் ரூபாய் வரை விலை போகிறது. வாங்குபவர்களில் பலர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஏமாந்தால் வீட்டில் சொல்லப் பயந்து, அந்தப் பயத்தாலேயே பணத்தை மீட்கக் கிடைக்கும் முதல் சில மணி நேரத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் யோசனை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்பதுதான். அதையும் மீறி இறங்குபவர்கள், எந்த இடத்தில் எது உடையும் என்று தெரிந்துகொண்டாவது இறங்க வேண்டும்.

விற்கப்படுவது உண்மையில் என்ன?

கேம் கம்பெனியின் சர்வரில் உங்கள் ஆட்டக்காரருக்கு யூஐடி என்று ஓர் எண் இருக்கும். ஸ்கின் (ஆயுதம், உடைகளின் அலங்காரத் தோற்றம்), யூசி, டைமண்ட் போன்ற கேம் நாணயங்கள், ரேங்க் எல்லாம் அந்த எண்ணோடு ஒட்டியிருப்பவை. அந்த எண்ணுக்குள் நுழைய பெரும்பாலும் ஒரு கூகுள், ஃபேஸ்புக், எக்ஸ் அல்லது ஆப்பிள் கணக்கு லிங்க் ஆகியிருக்கும். விற்பவர் உங்களிடம் தருவது அந்த ஜிமெயிலின் அல்லது ஃபேஸ்புக்கின் பாஸ்வேர்டை மட்டுமே. வீட்டை எழுதி வாங்காமல் சாவியின் நகலை மட்டும் வாங்குவதற்குச் சமம் இது.

பிஜிஎம்ஐ-யின் கிராஃப்டன், ஃப்ரீ ஃபயரின் கரீனா, கிளாஷ் ஆஃப் கிளான்ஸின் சூப்பர்செல், ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் தளத்தை நடத்தும் வால்வ் என எல்லோருடைய விதிமுறையிலும் கணக்கை விற்கக் கூடாது, மாற்றித் தரக் கூடாது என்று இருக்கிறது. அதனால் தகராறு என்று வந்தால் கஸ்டமர் சப்போர்ட் உங்கள் பக்கம் நிற்காது. “காசு கொடுத்து வாங்கினேன்” என்று நீங்கள் எழுதும் வரியே ஐடி பேன் (தடை) ஆகப் போதுமான காரணமாகிவிடும்.

ரீகவரி: பல மோசடிகள் நடக்கும் இடம்

ஐடி கைக்கு வரும். நான்கு நாள் ஆடுவீர்கள். ஐந்தாம் நாள் லாகின் ஆகாது. விற்றவர் ‘ரீகவரி’ போட்டு, அதாவது தொலைந்த கணக்கை மீட்கும் வசதியைப் பயன்படுத்தி, எடுத்திருப்பார். ஒரே ஐடியை இப்படித் திரும்பத் திரும்பப் பலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது கீழே உள்ள ஓட்டைகளால்தான்.

கூகுள் கணக்கில் ரீகவரி போன் எண்ணையோ ரீகவரி மெயிலையோ நீங்கள் மாற்றினாலும், அடுத்த 7 நாட்களுக்குப் பழைய எண்ணுக்கும் பழைய மெயிலுக்கும் சரிபார்ப்புக் குறியீட்டை கூகுள் அனுப்பக்கூடும். கணக்கைத் திருட்டுக்கொடுத்தவர் அதை மீட்டுக்கொள்ள வசதியாகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதே ஏற்பாட்டைத்தான் விற்றவரும் பயன்படுத்துகிறார்.

ஃபேஸ்புக்கிலும் இதே கதைதான். மெயில் முகவரியை மாற்றியதும் பழைய மெயிலுக்கு ஒரு தகவல் போகும். ‘இந்த மாற்றத்தை நான் செய்யவில்லை’ என்று சொல்லி மாற்றத்தைத் திருப்பிவிடும் இணைப்பும் அதில் இருக்கும். அந்தப் பழைய மெயில் உங்கள் கைக்கு வராதவரை ஃபேஸ்புக் உங்களுடையது என்று நம்பாதீர்கள்.

அடுத்து, இரண்டாவது லிங்க். ஒரே ஐடியில் ஃபேஸ்புக், எக்ஸ் இரண்டையும் லிங்க் செய்து வைத்துக்கொண்டு, ஃபேஸ்புக்கை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு எக்ஸ் வழியாக நுழைவார்கள். கேமின் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியைத் திறந்தால் எதெல்லாம் லிங்க் ஆகியிருக்கிறது என்று தெரியும். வாங்குபவர்களில் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்கின் பட்டியலைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

கடைசியாக இருப்பது அடைக்க முடியாத ஓட்டை. முதலில் ஐடி தொடங்கிய போன் எது, கேமில் முதல் டாப்-அப் (பணம் கட்டி நாணயம் வாங்கியது) எந்தத் தேதியில், கூகுள் ப்ளே ரசீதில் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் என்ன என்பவையெல்லாம் விற்றவரிடம் இருக்கும். சப்போர்ட்டிடம் “என் ஐடி திருடு போய்விட்டது” என்று அவர் இவற்றைக் காட்டினால், உரிமையாளர் அவர்தான் என்று கம்பெனி முடிவு செய்ய எல்லா நியாயமும் உண்டு. மாதக்கணக்கில் கழித்தும் இதைச் செய்யலாம். கீழே சொல்லும் எந்தப் படியும் இதற்கு மருந்தில்லை.

திருட்டு ஐடி, திருட்டு யூசி

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், அந்த ஐடி வேறொருவரிடமிருந்து பிஷிங் செய்து (போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு பிடுங்கி) எடுத்ததாக இருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் யூசி திருட்டு கார்டில் வாங்கியதாக இருக்கலாம். கார்டின் உரிமையாளர் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற்றால், கம்பெனி அந்த யூசியைக் கழித்துக்கொள்ளும். இருப்பு மைனஸில் போகலாம், ஐடியே முடங்கலாம். ஹேக் (ஏமாற்று மென்பொருள்) போட்டு ஆடிய ஐடியாக இருந்தால் நீண்ட கால பேன் வரலாம். அது விற்பனைக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

பணம் கைமாறும்போது

யூபிஐ-யில் நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தைத் திருப்பி வாங்கும் பொத்தான் எதுவும் இல்லை. “பாதி அட்வான்ஸ், மீதி லாகின் ஆனதும்” என்ற பேச்சில் பாதியோடு ஆள் மறைந்துவிடுவார். “லாக் ஃபீஸ்”, “வெரிஃபிகேஷன் ஃபீஸ்” என்று தொகை தொகையாகக் கேட்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். போன பணத்தைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் அனுப்புவதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது.

மிடில்மேன் (இரு தரப்புக்கும் நடுவில் பணத்தையும் ஐடியையும் கைமாற்றுபவர்) என்று ஒருவரைக் குழுவின் அட்மினே கொண்டுவருவார். பல குழுக்களில் விற்பவர், மிடில்மேன், “எனக்கு டீல் சூப்பரா முடிஞ்சது” என்று ப்ரூஃப் போடுபவர் எல்லோரும் ஒரே ஆளின் வெவ்வேறு கணக்குகள். நல்ல பெயருள்ள மிடில்மேனின் யூசர்நேமை ஓர் எழுத்து மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, அதே படத்தோடு வருபவர்களும் உண்டு. ஆங்கிலப் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் போன் திரையில் ஒன்றுபோலத் தெரியும். குழுவில் உங்களுக்கு வந்த மெசேஜை நம்பாமல், அந்த மிடில்மேனின் யூசர்நேமை நீங்களே தட்டித் தேடிப் பேசுங்கள்.

பணம் வாங்க யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. “க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, ரீஃபண்ட் வரும்” என்றால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

விற்பவருக்கு வரும் ஆபத்து

விற்பவர்தான் பணம் வாங்குகிறார், அவருக்கென்ன பயம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய அடி சில சமயம் அவருக்குத்தான் விழுகிறது.

மோசடிக்காரர் உங்களிடம் ஐடியை 4,000 ரூபாய்க்குப் பேசுகிறார் என்று வையுங்கள். அதே நேரத்தில் வேறு ஊரில் ஒருவரிடம் பழைய போன் விற்பதாகச் சொல்லி, பணம் அனுப்ப உங்கள் யூபிஐ முகவரியைக் கொடுக்கிறார். அந்த ஆள் உங்களுக்கு 4,000 அனுப்புகிறார். பணம் வந்துவிட்டது என்று நீங்கள் ஐடியை மோசடிக்காரரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். போன் வராத அந்த ஆள் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்கிறார். புகாரில் இருப்பது உங்கள் வங்கிக் கணக்கு. அந்தத் தொகை முடக்கப்படும், சில சமயம் கணக்கே முடங்கும். வேறு மாநில சைபர் போலீஸுக்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். மோசடிக்காரர் இந்தப் படத்திலேயே இல்லை.

இதைத் தடுக்க ஒரே வழி, பணம் அனுப்பியவரின் வங்கிப் பெயரும் பேசிக்கொண்டிருக்கும் ஆளின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது. வேறு பெயரில் வந்தால் ஐடியைக் கொடுக்காதீர்கள். “அண்ணன் ஜிபே”, “ஃப்ரெண்ட் நம்பர்” என்ற விளக்கம் இங்கே செல்லாது. வந்த பணத்தை அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள், வேறு எண் கொடுத்து அதற்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எதையும் கொடுக்க வேண்டாம். பணம் அனுப்பியதுபோல அப்படியே பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வரும் ‘கிரெடிட்டட்’ எஸ்எம்எஸ் வங்கி அனுப்பியதாக இருக்காது.

சொந்த ஜிமெயிலை ஐடியோடு சேர்த்துக் கொடுப்பதைவிட மோசமான காரியம் வேறில்லை. அதில் உங்கள் போட்டோக்கள், தொடர்பு எண்கள், மற்ற ஆப்களின் பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும். பல வருடமாக உங்கள் பெயரில் இருக்கும் ஃபேஸ்புக் கணக்கைக் கொடுத்தால், நாளை அதில் இருந்து உங்கள் சொந்தக்காரர்களுக்கு “அவசரமா ஐயாயிரம் அனுப்புங்க” என்று மெசேஜ் போகும்.

லாகினைப் பறிக்கும் வழிகள்

“ஐடி செக் பண்ண லாகின் கொடு, பாஸ்வேர்டை அப்புறம் மாத்திக்கோ” என்பது பழைய முறை. இப்போது இணைப்பு அனுப்புகிறார்கள். இலவச யூசி, ஐடியின் மதிப்பு பார்க்கும் தளம் என்று ஏதாவது ஒன்று. திறந்தால் ஃபேஸ்புக் லாகின் பக்கம் அச்சுஅசலாக வரும். டெலிகிராமுக்குள்ளேயே திறப்பதால் முகவரி முழுதாகத் தெரியாது. குரோமில் திறந்து முகவரியைப் பாருங்கள். உங்கள் பாஸ்வேர்டு மேனேஜர் வழக்கம்போல் தானாக நிரப்பவில்லை என்றால் அது நல்ல எச்சரிக்கை: முகவரி வேறு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எந்த டீலுக்கும் ஏபிகே ஃபைலோ (ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்) எனிடெஸ்க்கோ (தூரத்திலிருந்து போனை இயக்கும் ஆப்) ஸ்கிரீன் ஷேரோ தேவையில்லை. ஸ்கிரீன் ஷேரில் ஓடிபி வந்தால் எதிராளியும் படிப்பார்.

வாங்கியே தீருவது என்றால்

முதலில், முழுதாகப் போனாலும் தாங்கும் தொகைக்கு மேல் போகாதீர்கள். அப்பா அம்மாவின் கணக்கிலிருந்து அவர்களுக்குத் தெரியாமல் அனுப்பாதீர்கள்.

வீடியோ காலில் விற்பவரை நேரலையில் லாகின் செய்யச் சொல்லுங்கள். ரெக்கார்டு செய்த வீடியோ செல்லாது. உங்கள் ஐடியிலிருந்து அந்த யூஐடிக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பி, அப்போதே ஏற்கச் செய்து, நீங்கள் சொல்லும் நான்கு இலக்க எண்ணை கேம் சாட்டில் அனுப்பச் சொல்லுங்கள். ஐடி இன்று அவர் கையில் இருக்கிறது என்பது இதில் உறுதியாகும். அவருடையதுதானா என்பது உறுதியாகாது. அதற்கு டாப்-அப் ரசீது மெயில்களைத் திறந்து தேதியோடு காட்டச் சொல்ல வேண்டும். பிறகு அக்கவுண்ட் பகுதியில் உள்ள எல்லா லிங்க்குகளும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் மெயிலும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்.

கூகுள் கணக்கு கைக்கு வந்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத புதியதாக இருக்கட்டும்.
2. செக்யூரிட்டி பகுதியில் உங்கள் போனைத் தவிர மற்ற எல்லா சாதனங்களையும் சைன் அவுட் செய்யுங்கள்.
3. பழைய பாஸ்கீ (பாஸ்வேர்டு இல்லாமல் கைரேகை, போன் லாக் கொண்டு நுழையும் முறை) ஏதாவது இருந்தால் நீக்குங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் பாஸ்கீ வேலை செய்யும்.
4. ரீகவரி எண்ணையும் மெயிலையும் மாற்றுங்கள்.
5. டூ-ஸ்டெப்பை (பாஸ்வேர்டுக்குப் பின் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு) குறியீடு காட்டும் உங்கள் ஆதன்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றி, பேக்கப் குறியீடுகளைப் புதிதாக எடுங்கள். பழைய பத்துக் குறியீடுகளும் அப்போதுதான் செல்லாமல் போகும்.
6. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். வரும் குறியீடுகளை விற்றவருக்கே அனுப்பும்படி அமைத்திருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் அந்த 7 நாள் பாக்கி. மீதித் தொகையை எட்டாம் நாள் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். “நம்பிக்கை இல்லன்னா விடு ப்ரோ, பத்து பேர் வெயிட்டிங்” என்று அவசரப்படுத்தினால் அந்த டீலை விட்டுவிடுங்கள்.

ஏமாந்த பிறகு முதல் மணி நேரம்

எதிராளியைத் திட்டி மெசேஜ் போடாதீர்கள். டெலிகிராமில் அவர் நினைத்தால் இரண்டு பக்க உரையாடலையும் ஒரே தட்டலில் அழித்துவிட முடியும். முதலில் உரையாடல் முழுவதையும், அவருடைய யூசர்நேம் தெரியும் ப்ரொஃபைலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க யூடிஆர் எண் (பரிவர்த்தனையின் அடையாள எண்), பணம் போன யூபிஐ முகவரி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு; அடுத்த நாள் சொன்னால் பெரும்பாலும் ஏடிஎம்மில் எடுத்திருப்பார்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நிதி மோசடிப் பிரிவில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள். கணக்கு பெற்றோருடையது என்றால் அவர்களே புகார் செய்வது நல்லது.

ஐடி வாங்கியது கேம் விதிக்கு விரோதம் என்பதால் போலீஸில் சொன்னால் நமக்கே பிரச்சினை என்று சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். கம்பெனியின் விதியை மீறியது வேறு, ஏமாற்றிப் பணம் பறித்தது வேறு. கம்ப்யூட்டர், போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தயங்காமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

“போன ஐடியை எடுத்துத் தருகிறேன், ஹேக்கர் தெரியும்” என்று கமெண்டில் வருபவர்களிடம் பேசவே வேண்டாம். ஏமாந்தவர்களைத் தேடித் தேடி இரண்டாம் முறை கறப்பதே அவர்கள் தொழில்.

விற்ற பிறகு உங்கள் வங்கிக் கணக்கு முடங்கியிருந்தால், கிளைக்குப் போய் எந்த மாநில எந்தப் பிரிவு முடக்கச் சொன்னது, புகாரின் ஒப்புகை எண் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரையாடல், ஐடி கைமாறிய நேரம், பணம் வந்த நேரம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டுகளோடு அந்தப் பிரிவின் அதிகாரப்பூர்வ மெயிலுக்கு அனுப்பி, வங்கிக்கும் ஒரு நகல் கொடுங்கள். முடக்கத்தை நீக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டு வரும் போன் அழைப்பு எதையும் நம்பாதீர்கள். அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.