ஊத்தான் மெலிந்தாங்கில் 'ஹக்கிள்பெரி ஃபின்' வாசிப்பு: நடத்தும் முறை

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் எல்லாரையும் பெர்னாம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போங்கள். இந்தக் கரை பேராக், எதிர்க்கரை சிலாங்கூர். மார்க் டுவைன் நாவலிலும் ஆறுதான் எல்லை. ஹக் என்ற பையனும் தப்பியோடும் அடிமை ஜிம்மும் தெப்பத்தில் போகும் கதை அது. மிசிசிப்பிக்கு மேற்கே மிசூரி, அங்கே அடிமை முறை சட்டம். கிழக்கே இல்லினாய், அது இல்லாத மாநிலம். "அப்படியானால் ஜிம் அக்கரைக்குப் போனால் போதாதா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். போதாது. அவர் தலைக்கு 300 டாலர் வெகுமதி, அக்கரையிலும் ஆள் பிடிப்பவர்கள் உண்டு. அதனால்தான் ஒஹாயோ ஆறு வந்து சேரும் கெய்ரோ ஊர்வரை இறங்கி, அந்த ஆற்றில் கப்பலேறி வடக்கே போகத் திட்டம். மூடுபனியில் கெய்ரோ தவறிப்போக, ஆறு அவர்களைத் தெற்கே, அடிமைப் பண்ணைகளுக்கு நடுவே கொண்டுபோகிறது. இந்த வரைபடத்தைப் பலகையில் போடாவிட்டால் 16ஆம் அத்தியாயத்தோடு பாதிப் பேர் குழம்பிவிடுவார்கள்.

மொத்தம் 43 அத்தியாயம், ஐந்து வாரம் போதும்.

இரண்டாம் வாரம் கோயில் மண்டபத் தரையில் சுண்ணாம்பால் 12க்கு 16 அடி கட்டம் போடுங்கள். அதுதான் தெப்பம். நடுவில் கூடாரம், நீராவிக் கப்பல் கிளப்பும் அலையில் போர்வை நனையாதபடி அதன் தரை ஓரடிக்கு மேல் உயரம். உள்ளே நெருப்பு மூட்ட 5, 6 அங்குலம் மண். இரண்டு பேரைக் கட்டத்துக்குள் உட்காரவைத்து 15ஆம் அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மூடுபனியில் பிரிந்ததெல்லாம் ஜிம் கண்ட கனவு என்ற ஹக்கின் பொய் அம்பலமானதும் ஜிம் மெதுவாக எழுந்து கூடாரத்துக்குள் போகிறார். ஜிம்மாக இருப்பவரும் அந்த நாலு எட்டை நடக்கட்டும். மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால் மணி நேரம் பிடித்தது ஏன் என்று அப்போது புரியும்.

கறுப்பரை இழிக்கும் அந்தச் சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. வாய்விட்டு வாசிப்பதா, தாண்டுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்; நடுவில் பேசினால் சண்டைதான். இந்தியரை இழிக்கும் 'கெலிங்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, 2011இல் 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் இந்தியரை இழிப்பதாக எழுந்த பாடநூல் சர்ச்சையைப் பார்த்தவர்களுக்கு, விளக்கம் அதிகம் வேண்டியதில்லை. எங்கள் பரிந்துரை: தாண்டுங்கள், ஆனால் அச்சில் அழிக்காதீர்கள்.

தமிழில் கதை சொல்லும்போது பெரிய சிக்கல் 'அவன்', 'அவர்'. ஜிம் பிள்ளை பெற்ற ஆள், ஹக்குக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. இருந்தும் அந்த ஊரில் ஹக் 'அவன்' என்றுதான் சொல்வான். மூத்த தொழிலாளியைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) 'வாடா' என்று கூப்பிட்ட மாதிரி. எந்த அத்தியாயத்தில் 'அவர்' ஆக்கலாம் என்று கேளுங்கள். 15 என்பார்கள். ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி எழுதிய கடிதத்தை ஹக் கிழிக்கும் 31 என்பார்கள். 31இல் கவனம்: ஹக் அடிமை முறை தப்பு என்று தெளியவில்லை, தான் பாவம் செய்வதாகவே நம்புகிறான். மாணவர்கள் கட்டுரையில் சறுக்குவது இங்கேதான்.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு அத்தியாயம் இழுவை. ஹக்கின் நண்பன் டாம் சாயர் விளையாட்டுக்காக ஜிம்மைப் படுத்தும் பாட்டில் ஜிம் மறுபடி 'அவன்' ஆகிவிடுகிறாரே என்று ஒருவராவது முறையிடுவார். அவரையே அந்த வாரம் பேசவிடுங்கள்.