உங்கள் வைஃபையில் வேறு யாராவது இருக்கிறார்களா?

இணையம் காரணமில்லாமல் மெதுவாகிறதா? ரவுட்டரின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் உள்ளே இருக்கும்.

அதில் புரியாத பெயர் இருந்தால் உடனே பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் (MAC) முகவரியை, அதாவது ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. டிவி, பிரிண்டர்கூட விசித்திரமான பெயரில் நிற்கும். வீட்டுச் சாதனங்களில் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, சில நிமிடம் கழித்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சாதனத்தைத் தவிர இன்னொன்று நின்றால், அது வெளியாளாக இருக்கலாம்.

பலர் அந்த மேக் முகவரியை மட்டும் பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதவே போதாது; முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி நுழையலாம். வைஃபை பாஸ்வேர்டை நீளமாக மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும், பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டன் அல்லது பின் எண் மூலம் இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம், ரவுட்டரின் பக்கத்துக்குள் நுழையப் பயன்படும் அட்மின் பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றுங்கள். வீட்டுக்கு வருபவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க்கை, அதாவது விருந்தினருக்கான தனி வைஃபையை, கொடுத்தால் போதும்.