இரவு வேலையும் நிலாவாரையும்

இரவு ஷிஃப்டுக்கு மாறியதும் மலச்சிக்கல் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூர் தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைப் பொடி வாங்கினேன். நம் திருநெல்வேலிச் சீமையில் விளைகிற இலைதான். வேலை முடிந்து படுக்கும் முன் வெந்நீரில் கால் தேக்கரண்டி. மாலை எழுந்ததும் சுகமாகப் போனது.

இதிலுள்ள சென்னோசைடு என்ற பேதிச் சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா உடைத்த பிறகுதான் குடல் அசையும். அதனால் 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு இன்னொரு தடவை குடித்துவிடாதீர்கள், வயிறு பிடுங்கியெடுக்கும். வாரக்கணக்கில் தொடரவும் கூடாது. உடம்பில் பொட்டாசியம் குறையலாம்.

அப்புறம் இசப்கோல் உமிக்கு மாறினேன், அது நார்ச்சத்துள்ள விதையின் உமி. தண்ணீரில் கலந்ததும் கொழகொழவென்று ஊதும். உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். இப்போது தினமும் சரியாகப் போகிறது. மலத்தில் இரத்தம் தெரிந்தால் மட்டும் நேரே பாலிகிளினிக் போங்கள்.