பலகை டாஷ்போட் போடும்போது திறப்புப் பூட்டைக் கழற்றும் முறை

கல்யாண ஓட்டத்துக்காகப் பழைய மொறிஸ் மைனர் காரைப் புதுப்பிக்கிறவர்கள், தகர டாஷ்போட்டைத் தூக்கிவிட்டு முதிரையிலோ தேக்கிலோ பலகை போடக் கேட்கிறார்கள். தச்சர் பலகையை வடிவாகச் செய்து தருவார். திறப்புப் பூட்டை, அதாவது இக்னிஷன் சுவிச்சைக் கழற்றும் இடத்தில்தான் பலர் திணறுகிறார்கள். நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் கார் வயரிங் வேலை செய்பவன். பாதியில் கைவிட்ட இந்த வேலை அடிக்கடி என்னிடம்தான் வருகிறது.

முதலில் பற்றரி. மைனர், பற்றரியை டைனமோ சார்ஜ் செய்யும் கார், பொசிற்றிவ் ஏர்த். அதாவது பொடியோடு (காரின் தகர உடம்போடு) சேர்ந்திருப்பது பிளஸ் முனை, அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். புதுக் கார் பழக்கத்தில் மைனஸில் ஸ்பனரைப் போட்டு, அது பொடியில் முட்டினால் பொறி பறக்கும். டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர் போட்டு ஏர்த்தை மாற்றிய கார்களும் ஓடுகின்றன. ஆகவே எந்த வயர் பொடிக்குப் போகிறது என்று பார்த்தே தொடங்குங்கள்.

சுவிச்சின் பின்பக்கம் பழுப்பு, அல்லது பழுப்பில் நீலக் கோடு போட்ட வயர், பற்றரியில் இருந்து வரும் கரண்ட். வெள்ளை, திறப்பைத் திருப்பிய பின் இக்னிஷனுக்குப் போவது. திறப்பிலேயே ஸ்ராட் ஆகும் மொடல் என்றால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்ராட்டருக்கு. பழுப்பு வயருக்குப் பியூஸ் கிடையாது, அது தகரத்தில் முட்டினால் வயரே எரியும். இது புத்தகக் கணக்கு. தொண்ணூறுகளில் போர் நடந்தபோது இங்கே பெற்றோல் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில், கிடைத்த நிற வயரைத்தான் போட்டிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றிலும் துண்டுக் கடதாசி ஒட்டி எழுதுங்கள், கைபேசியில் படமும் எடுங்கள்.

பூட்டு நன்றாக இருந்தால், உள்ளே திறப்பு நுழையும் உருளையைத் தொட வேண்டாம். முன்பக்க வளையத்தின் வெட்டில் சேர்கிளிப் பிளையரின் முனைகளை வைத்துத் திருப்பினால் சுவிச் முழுதாகப் பின்னால் வந்துவிடும். உப்புக் காற்றில் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். ஸ்குரூட்ரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, குரோம் போனபின் அவர்களே வருவார்கள்.

உருளையை மாற்றத்தான் வேண்டுமென்றால் திறப்பு கையில் இருக்க வேண்டும். லூகாஸ் கம்பனிச் சுவிச்சின் உடம்பில் ஒரு சிறு துளை உண்டு. திறப்பைப் போட்டு ஓன் நிலைக்குத் திருப்பி, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் துளைக்குள் இருக்கும் முளையை அமுக்கிக்கொண்டே திறப்பை இழுங்கள். உருளை கூடவே வரும். திறப்பு ஸ்ரியறிங் தண்டில் இருக்கும் கார்களுக்கு இந்த முறை பொருந்தாது.

இனிப் பலகை. சுவிச்சின் கழுத்து மெல்லிய தகரத்துக்காகச் செய்தது, பலகையின் தடிப்புக்கு வளையம் எட்டாது. பின்பக்கத்தில் பலகையைக் குடைந்து மெல்லிதாக்கச் சொல்லுங்கள். வெறும் வட்டத் துளை போட்டால் திறப்போடு சுவிச்சும் சேர்ந்து சுழலும். பழைய தகரத்தில் சுவிச் பொருந்தியிருந்த துளையுள்ள துண்டை அப்படியே வெட்டியெடுத்துப் பின்னால் ஆணியடித்தால் அது பிடித்துக்கொள்ளும்.

அநேகர் மறப்பது ஏர்த். தகர டாஷ்போட் பொடியோடு சேர்ந்திருந்ததால் ஸ்பீடோமீற்றர் கூட்டுக்கும் அதிலுள்ள பல்புகளுக்கும் ஏர்த் தானாகக் கிடைத்தது. பலகையில் கரண்ட் ஓடாது. கூட்டில் இருந்து பொடிக்கு ஒரு கறுப்பு வயர் தனியாக இழுங்கள். பற்றரியைக் கொடுத்துத் திறப்பைத் திருப்பியதும் சார்ஜ் லைற் சிவப்பாக எரிந்தால் சரி என்று எழும்பிவிடாதீர்கள். அதன் ஏர்த் டைனமோ பக்கமாக வருகிறது, டாஷ்போட்டில் ஏர்த் இல்லாமலும் எரியும். பனல் லைற்றைப் போட்டுப் பாருங்கள், பெற்றோல் முள் ஒழுங்காக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பீடோமீற்றர் கேபிளைக் கடைசியாகப் பூட்டுங்கள். பலகைக்குப் பின்னால் அது சட்டென்று மடிந்தால் ஓடும்போது முள் துள்ளும்.