சும்மா கிடக்கும் டெலிபோன் ஒயரில் இரண்டு நெட்வொர்க்கை இணைக்க

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பழைய டெலிபோன் ஒயர் சும்மா கிடந்தால், புதிய கேபிள் இழுக்காமலே இரு பக்க நெட்வொர்க்கையும் இணைத்துவிடலாம். விடிஎஸ்எல்2 ஈதர்நெட் எக்ஸ்டெண்டர் (டெலிபோன் ஒயர் வழியாக நெட்வொர்க் டேட்டாவை அனுப்பும் கருவி) ஒரு ஜோடி வாங்கி, முனைக்கு ஒன்றாக மாட்டுங்கள். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டையும் ஒரே நிலையில் வைத்தால் லிங்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்குமே தவிர நிலையாக எரியாது.

சாதாரண ஈதர்நெட் 100 மீட்டரோடு சரி. விடிஎஸ்எல் அப்படியில்லை: சிக்னலை பொதுவாக 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆயிரக்கணக்கான அலைவரிசைகளாகப் பிரித்து, எதில் இரைச்சல் குறைவோ அதில் அதிக டேட்டாவை ஏற்றும். அதனால் வெறும் இரண்டு கம்பியிலேயே சில நூறு மீட்டர் நல்ல வேகம் கிடைக்கும். ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது வேகம் நன்றாகவே இறங்கிவிடும்; இன்டர்நெட், பிரிண்டர், கேமரா என்றால் அப்போதும் சமாளிக்கலாம்.

அப்புறம், இணைத்ததும் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். இரண்டு ரவுட்டர்களும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்தால் குழப்பம்தான். ஒன்றில் டிஹெச்சிபியை (தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். தனித்தனியாகவே இருக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு ரவுட்டர் தேவை.

ஒயரில் டயல்டோன் கேட்டாலோ, அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போனாலோ இது ஆகாது. நடுவில் கிளை ஒயர்கள் தொங்கினால் வேகம் அடிபடும், வெட்டிவிடுங்கள். வெளியே போகும் ஒயருக்கு இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (மின்னல் போன்றவற்றால் வரும் திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) போடாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். எப்படியும் பள்ளம் தோண்டத்தான் போகிறீர்கள் என்றால் பேசாமல் ஃபைபர் போட்டுவிடுங்கள்.